புகைக்குள் நின்றவர்கள்

எண்பதுகளில் லண்டனுக்கு வந்து சேர்ந்த எம்மவர்கள் எல்லோரும் வெலிங்டன் கோமகனின் முகத்தைப் பலநூறு தடவைகள் கையில் எடுத்திருப்போம். அது யாருடைய முகம் என்று யாரும் கேட்டிருக்கமாட்டோம். 1971 முதல் 1991 வரை புழக்கத்தில் இருந்த ஐந்து பவுண் தாளின் பின்பக்கத்தில் இருந்தவர் அவர். பெற்றோல் நிலையத்து இரவு வேலைக்குக் கிடைத்த கூலியிலும், ஊருக்கு உண்டியலில் அனுப்பிய காசிலும், ஏஜென்சிக்காரனுக்குக் கட்டி முடித்த கடனிலும் அந்தச் சேனாதிபதி இருந்தார். அவருக்கு அருகில் ஒரு போர்க்களமும் வரையப்பட்டிருந்தது. போரை விட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். வந்து சேர்ந்த நாட்டின் தாளிலும் போர்தான் அச்சிடப்பட்டிருந்தது.

அந்த மனிதர் எங்களுக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். ஆர்தர் வெல்லெஸ்லி 1797இல் இந்தியாவுக்கு வந்தவர். 1799இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கபட்டணத்தில் வீழ்ந்த போரில் பங்கெடுத்தவர். 1800ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு படையெடுப்புக்கெனத் திருகோணமலையில் திரட்டப்பட்ட படைக்குப் பொறுப்பாக இருந்தவர். நெப்போலியனைத் தோற்கடித்த வீரன் என்று ஐரோப்பா அவரைக் கொண்டாடுவதற்கு முன்பே எங்கள் கடலையும் எங்கள் அயலையும் அவர் பார்த்துவிட்டார்.

அவருடைய புகழ்பெற்ற உருவப்படமொன்று ட்ரபால்கர் சதுக்கத்தில் உள்ள நாஷனல் கலரியின் சேகரிப்பில் இருக்கிறது. ஸ்பானிய ஓவியர் கொயா 1812க்கும் 1814க்கும் இடையில் வரைந்தது. பெரிய படம் அல்ல. சிவப்புச் சீருடை, நெஞ்சு நிறையப் பதக்கங்கள், இருண்ட பின்னணி, அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன் ஊரிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவரின் தாயாரை அங்கு கூட்டிச் சென்றேன். வெளியே மழை பெய்தது, உள்ளே கட்டணம் இல்லை. நாங்கள் போனதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. பொன் சட்டங்களுக்குள் இருந்த பிரபுக்களையும் சீமாட்டிகளையும் கோவில் வீதி சுற்றுவதுபோல் ஒரே நடையில் கடந்து வந்தவர் இந்தப் படத்தின் முன் நின்றுவிட்டார்.

"தம்பி, இந்த மனிசன் ஆர்?"

"பெரிய சேனாதிபதி அம்மா. வெலிங்டன் எண்டு பேர்."

"கன நாள் நித்திரை கொள்ளாத ஆளைப் போலக் கிடக்கு."

உண்மைதான். கண்கள் விரிந்திருக்கின்றன. வாய் சற்றே திறந்து பல் தெரிகிறது. 1812 ஓகஸ்டில் வெலிங்டன் மட்ரிட் நகருக்குள் வெற்றியோடு நுழைந்தபோதே கொயா அவரை நேரில் கண்டார். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், ஏப்ரலில், பதாஹோஸ் கோட்டை பிடிபட்டிருந்தது. அந்த முற்றுகையில் அவருடைய படையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காயப்பட்டும் போயினர். உயிரோடு உள்ளே நுழைந்தவர்கள் நகரத்துச் சனங்களைப் பல நாட்கள் சூறையாடினர். யூலையில் சலமாங்கா யுத்தம். அந்த முகத்தில் இந்த மாதங்கள் எல்லாம் இருக்கின்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

பதக்கங்களின் கதை வேறு. படத்தை வரைந்த பின்னரும் வெலிங்டனுக்குப் புதிய விருதுகள் கிடைத்துக்கொண்டிருந்தன. ஆகவே 1814இல் கொயா அதே படத்தைத் திரும்பத் தொட்டு, பொன் ஆட்டுத்தோல் விருதையும் தங்கச் சிலுவைப் பதக்கத்தையும் சேர்த்துத் தீட்டினார். முகம் 1812இலேயே நின்றுவிட, நெஞ்சு மட்டும் 1814க்கு வந்துவிட்டது. இதை நான் விளங்கப்படுத்தியபோது அம்மா கேட்டார்:

"உந்தப் பதக்கமெல்லாம் சண்டை பிடிச்சதுக்கோ, பிடிப்பிச்சதுக்கோ?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் ஒரு முயற்சி. அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

இராணுவ உருவப்படம் அதிகாரத்தை எப்படிக் காட்டுகிறது என்பதைப் படிப்பதற்கு அந்தச் சதுக்கத்தைப்போல் வசதியான இடம் வேறில்லை. அதே கலரியின் சேகரிப்பில் வன் டைக் வரைந்த முதலாம் சார்ள்ஸ் மன்னனின் குதிரைப் படம் உள்ளது. 1637, 38 அளவில் வரையப்பட்டது. உயரம் மூன்றரை மீற்றருக்கு மேல். மன்னன் உண்மையில் குள்ளமானவன். ஆனால் படத்தில் அவனுடைய உயரத்தை நாம் அளக்கமுடியாது. அவன் குதிரையின் மேல் இருக்கிறான், நாம் குதிரையின் கால்களுக்குக் கீழே நிற்கிறோம். பிரமாண்டமான அந்த விலங்கை அவன் எவ்வித முயற்சியும் இன்றிப் பிடித்திருக்கிறான். குதிரையை இப்படி அடக்கத் தெரிந்தவனுக்குக் குடிகளை அடக்குவது பெரிய காரியமா என்று படம் எங்களிடம் கேட்கிறது. இவன் பிரித்தானியாவின் மன்னன் என்று லத்தீன் மொழியில் எழுதிய பலகையொன்றும் மரத்தில் தொங்குகிறது.

1642இல் அந்தக் குடிகள் அவனுக்கெதிராகப் போர் தொடுத்தனர். 1649 ஜனவரி 30ஆம் திகதி வைட்ஹோல் வீதியில் உள்ள பாங்குவெற்றிங் ஹவுஸ் மண்டபத்தின் முன்னால் அவன் தலை வெட்டப்பட்டது. கலரியிலிருந்து அந்த இடத்துக்கு நடந்து போக பத்து நிமிடம் போதும். அதிகாரம் உறுதியாக இருக்கும்போது அதற்கு இவ்வளவு பெரிய படம் தேவைப்படுவதில்லை. ஆட்டங்காணத் தொடங்கும்போதே படம் பெரிதாகிறது என்று எண்ணத் தோன்றுகிறது.

இன்னொரு படம், 1787இல் ஜோஷுவா ரெனோல்ட்ஸ் வரைந்த ஹீத்ஃபீல்ட் பிரபு. 1779 முதல் 1783 வரை நீடித்த முற்றுகையில் ஜிப்ரால்டரைக் காத்தவர். கோட்டையின் பெரிய திறப்பு அவர் கையில் இருக்கிறது. அதன் சங்கிலியைக் கையில் சுற்றியிருக்கிறார். பின்னால் ஒரு பீரங்கி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதற்கப்பால் புகை.

இந்தப் புகையை நாம் கவனிக்கவேண்டும். இத்தகைய படங்களில் திரும்பத் திரும்ப வருவது இதுதான். சேனாதிபதி முன்னால் நிற்பார். வெளிச்சம் அவருடைய நெற்றியில் விழும். கை வாளின் பிடியிலோ கோலிலோ வரைபடத்திலோ இருக்கும். தொடுவானம் அவருடைய இடுப்புக்குக் கீழே இறங்கிவிடும். எங்கோ தூரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு புகை எழும். போர் என்பது அந்தப் புகைதான். அதற்குள்தான் ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள், விழுகிறார்கள், அழைக்கிறார்கள். ஓவியருக்கு அது இரண்டு மூன்று தூரிகை வீச்சு. சேனாதிபதியின் ஒரு பொத்தானுக்குச் செலவழித்த நேரம்கூட அதற்குச் செலவாகியிராது.

இதைப் பொய் என்று சொல்லிவிடமுடியாது. முகம் அவருடையது, சீருடை அவருடையது, பதக்கமும் அவருக்கே கொடுக்கப்பட்டது. படம் செய்வது வேறொரு காரியம். பலர் கொடுத்த விலையை ஒருவரின் கணக்கில் எழுதுகிறது. துயரத்துக்கு உரிய மரியாதையை எடுத்துக் கட்டளைக்குக் கொடுக்கிறது. நாம் அந்தப் படத்தின் முன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். உண்மையில் அந்த மௌனம் புகைக்குள் நின்றவர்களுக்குச் சேரவேண்டியது.

ஓவியர்களுக்கு இது தெரியாததல்ல. வெலிங்டனின் நெஞ்சில் பதக்கங்களைச் சேர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில் கொயா வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். 1810 முதல் 1820 வரையான ஆண்டுகளில் 'போரின் பேரழிவுகள்' என்று பின்னர் பெயர்பெற்ற செப்புத்தகட்டுச் சித்திரங்களைக் கீறினார். மரத்தில் கட்டப்பட்ட பிணங்கள், இழுத்துச் செல்லப்படும் பெண்கள், பட்டினியால் விழுந்தவர்கள். அவற்றில் சேனாதிபதிகளுக்கு இடமில்லை. எந்தப் பக்கத்துச் சிப்பாய் கொல்லுகிறான் என்பதுகூட எப்போதும் தெளிவாக இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை அவை வெளிவரவில்லை. 1828இல் அவர் இறந்து, 35 வருடங்கள் கழித்து 1863இலேயே நூலாக வெளிவந்தன. ஒரே கை இரண்டையும் வரைந்தது. ஒன்று கூலிக்கும் பாதுகாப்புக்கும், மற்றது மனச்சாட்சிக்கும். கூலிக்கு வரைந்தது உடனே வெளிச்சத்துக்கு வந்தது. மனச்சாட்சிக்கு வரைந்தது அரை நூற்றாண்டு காத்திருந்தது.

லண்டனிலேயே இதுபோன்ற இன்னொரு சோடி இருக்கிறது. முதலாம் உலகப் போர் முடிந்ததும் ஜோன் சிங்கர் சார்ஜன்ட் என்ற ஓவியரிடம், போரை நடத்திய தளபதிகளை ஒரே படத்தில் வரையும்படி கேட்கப்பட்டது. 1922இல் முடிந்த அந்தப் படம் நாஷனல் போர்ட்ரெயிற் கலரிக்குரியது. 22 தளபதிகள், பளபளக்கும் சப்பாத்துகளோடு, தூண்களுக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். அப்படி அவர்கள் ஒருநாளும் ஒன்றாக நின்றதில்லை. தனித்தனியாக வரைந்த தலைகளை ஓவியர்தான் வரிசைப்படுத்தினார். அதே சார்ஜன்ட் 1919இல் வரைந்த மற்றப் படம் லாம்பெத்தில் உள்ள இம்பீரியல் வார் மியூசியத்துக்குரியது. ஏறக்குறைய ஆறு மீற்றர் நீளம். நச்சுவாயுவால் கண் தெரியாமற்போன சிப்பாய்கள், கண்களில் துணி கட்டி, முன்னால் போகிறவனின் தோளில் கை வைத்து வரிசையாக நடக்கிறார்கள். சுற்றிவரத் தரையில் இன்னும் பலர் கிடக்கிறார்கள். தூரத்தில் யாரோ காற்பந்து விளையாடுகிறார்கள்.

இரண்டு வரிசைகள். முதல் வரிசையில் ஒருவரை ஒருவர் தொடவில்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. இரண்டாவது வரிசையில் ஒருவரைத் தொடாமல் மற்றவர் ஓர் அடி வைக்கமுடியாது. பெயர் ஒருவருக்கும் இல்லை. முதல் வரிசையின் முன் நான் அதிக நேரம் நின்றதில்லை. இரண்டாவதை விட்டு நகர்வது கடினமாக இருந்தது.

இவ்வளவும் வெள்ளைக்காரனின் படங்கள், எங்களுக்கென்ன என்று கேட்கலாம். எங்கள் சுவர்களில் என்ன தொங்கியது என்பதையும் பார்த்துவிடுவோம்.

எண்பதுகளில் ஒவ்வோர் இயக்கமும் தன் தலைவரின் படத்தோடு நாட்காட்டி அடித்தது. பிற்பாடு ஒரே இயக்கம் எஞ்சியது. ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் வரிச்சீருடை அணிந்த பிரபாகரனின் படம் தொங்கிய வீடுகளும் கடைகளும் பல. அந்தப் படத்துக்கு வன் டைக்கின் குதிரை இல்லை, ஆனால் இலக்கணம் அதேதான். நிமிர்ந்த உடல், நேரான பார்வை, இடுப்பில் ஆயுதம், பின்னணியில் கொடி.

இதை எளிதாகக் கேலி செய்துவிடுவது நேர்மையாகாது. குடிவரவு அலுவலக வரிசையில் விடியற்காலையிலிருந்து நின்றவன், தன் பெயரைச் சரியாக உச்சரிக்காதவர்களிடம் தன் உயிருக்கு ஆபத்து என்று நிரூபிக்க வேண்டியிருந்தவன், 1983இல் எரிந்த வீட்டை விட்டு உடுத்த உடுப்போடு ஓடியவன், தன் நிறத்தில், தன் மொழியில், ஒருவன் நிமிர்ந்து நிற்பதைச் சுவரில் பார்க்க விரும்பினான். அது அதிகாரத்தின் மீதான ஆசை மட்டுமல்ல, அவமானத்துக்கான மருந்தும்கூட. அரசில்லாத சனங்களுக்குச் சீருடை ஒரு கனவு. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை மறுத்துவிட்டு இந்தக் கேள்வியைப் பேசமுடியாது.

ஆனால் மருந்தும் ஓரளவுக்குமேல் போனால் நஞ்சாகிறது. நவம்பர் 27ஐ எடுத்துக்கொள்வோம். 1982இல் அந்த நாளில் அந்த இயக்கத்தின் முதற் போராளி இறந்தான். 1989 முதல் அது மாவீரர் நாள். மண்டபத்தில் சின்னச் சின்னச் சட்டங்களில் வரிசை வரிசையாகப் பிள்ளைகளின் முகங்கள். சிலருக்கு மீசை அரும்பவில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் லெப்டினன்ட், கப்டன், மேஜர். அந்தப் பதவிகள் இறந்த பின்னரே கொடுக்கப்பட்டவை. வெலிங்டனின் படையிலும் இருந்த பதவிப் பெயர்கள்தான். கொயா நெஞ்சில் பிறகு சேர்த்த பதக்கம் போலவே இவையும் முகத்துக்குப் பிந்தியவை. கப்டன் ஆவதற்கு அந்தப் பிள்ளை கொடுத்த விலை, தான் கப்டன் என்று ஒருபோதும் அறியாமற் போனது.

அந்தச் சின்னப் படங்களுக்கு முன்னால் தாய்மார் அழுதார்கள். அந்த அழுகையில் சந்தேகிக்க எதுவுமில்லை. என்னுடைய கேள்வி, அழுது முடித்து நிமிர்ந்தபோது நாங்கள் எந்தப் படத்தைப் பார்த்தோம் என்பதுதான். மேடையில் பெரிய படம் இருந்தது. சின்னப் படங்களுக்கான கண்ணீர் பெரிய படத்துக்கான கீழ்ப்படிவாக மாறிய அந்தக் கணத்தை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் பேசாமல் இருந்தோம். இறந்தவனை மதிப்பது ஒரு கடமை. இறந்தவனைக் காட்டி அடுத்தவனை அனுப்புவது வேறு காரியம். இரண்டும் ஒரே மண்டபத்தில், ஒரே மாலையில், ஒரே மெழுகுதிரி வெளிச்சத்தில் நடந்தன.

மண்டபத்தில் இல்லாத படங்களும் உண்டு. 1986இல் சக இயக்கத்தவரால் வீதியில் சுடப்பட்ட பெடியன்களின் படங்கள் அங்கு இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனங்களுக்கு அங்கே ஒரு சட்டமும் இல்லை. அவர்கள் எங்களுடைய புகைக்குள் நின்றவர்கள். வென்றவனும் இதையே செய்தான். 2009 மே மாதத்துக்குப் பின், புதுக்குடியிருப்பில் கையில் துவக்கும் கொடியும் பிடித்த சிப்பாய் வெற்றிச் சின்னமாக எழுந்தான். துயிலும் இல்லங்களின் கல்லறைகள் இடித்துத் தள்ளப்பட்டன. முள்ளிவாய்க்காலில் இறந்த பொதுமக்கள் புகையிலும் புகையானார்கள்.

எங்களிடம் வேறொரு மரபும் இருந்தது. தமிழ்நாட்டில் செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்திருக்கின்றன. எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு என்று கல் தொடங்கும். ஆனால் கல்லில் நிற்பவன் மன்னன் அல்லன். மாடு மீட்கப் போய் இறந்த ஊரவன் ஒருவன். அவன் பெயர், எந்தச் சண்டையில் இறந்தான் என்ற விபரம், கையில் ஆயுதத்தோடு அவன் உருவம். எடுத்தனூர் என்ற ஊரில் உள்ள ஏழாம் நூற்றாண்டுக் கல்லொன்றில் வீரனின் அருகில் ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்று எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு மேலாக அந்த நாயின் பெயர் நிற்கிறது. ஹீத்ஃபீல்ட் பிரபுவின் பின்னாலுள்ள பீரங்கியை இயக்கியவனின் பெயரைப் படம் சொல்லவில்லை.

நடுகல்லையும் நான் புனிதமாக்க வரவில்லை. அதுவும் சாவைப் பெருமையாக்கியது, அடுத்தவனையும் சண்டைக்கு அழைத்தது. ஆனால் ஒரு விடயத்தில் அது நேர்மையாக இருந்தது. விலை கொடுத்தவனின் பெயரிலேயே கணக்கை எழுதியது. சண்டை பிடித்தவனையும் பிடிப்பித்தவனையும் மாற்றி வைக்கவில்லை.

1961இல் வெலிங்டனின் அந்தப் படத்தை 140,000 பவுண் கொடுத்து நாட்டுக்கென வாங்கினார்கள். அதே வருடம் ஓகஸ்டில் அது களவு போனது. நான்கு வருடங்கள் கழித்துப் படம் திரும்பிவந்தது. பொறுப்பேற்றவர் கெம்ப்டன் பன்டன் என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதி. ஒரு படத்துக்கு இவ்வளவு காசைக் கொட்டும் நாடு, வயோதிபர்களிடம் தொலைக்காட்சி அனுமதிக் கட்டணத்தை அறவிடுகிறதே என்பது அவருடைய கோபம். படத்தைத் திரும்பக் கொடுத்தபடியால் நீதிமன்றம் அவரைப் படத்தைத் திருடிய குற்றத்திலிருந்து விடுவித்தது. திரும்பிவராத சட்டத்தைத் திருடியதற்கு மட்டும் மூன்று மாதச் சிறை. பன்டன் கேட்டதும் அம்மா கேட்ட கேள்வியின் இன்னொரு வடிவம்தான். இந்தப் படத்துக்கான காசை யார் கட்டுகிறார்கள்?

என்னுடைய முடிவு இதுதான். சுவரில் இருப்பதைக் கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நாஷனல் கலரியும் வெலிங்டனைக் கழற்றத் தேவையில்லை. சீருடை அணிந்த எந்தப் படத்தின் முன் நின்றாலும், அது எந்த மொழிக்காரனின் சீருடை ஆனாலும், நெற்றியில் விழும் வெளிச்சத்தைப் பார்த்த பின்னர் பின்னாலுள்ள புகையையும் பார்க்கவேண்டும். அதற்குள் நிற்பவர்களின் பெயரைக் கேட்கவேண்டும். பெயர் கேட்கமுடியாத படத்துக்கு மாலை போடுவதில்லை என்று ஒரு விரதம் எடுத்துக்கொண்டால் நல்லது. எங்களுடைய படங்களுக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். எங்கள் புகைக்குள் நின்றவர்கள் எங்கள் பிள்ளைகள்.

அன்று கலரியின் படிகளில் மழை விடக் காத்திருந்தபோது அம்மா தன் கைப்பையைத் திறந்தார். பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு சின்னப் படம். தேசிய அடையாள அட்டைக்கு எடுத்தது. வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை, கமராவுக்குப் பயந்த கண்கள். நண்பரின் தம்பி. 2009இல் வட்டுவாகலில் ஆமியிடம் கையளித்தது, அதற்குப் பிறகு தகவல் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கியபோது, இதே படத்தைப் பெருப்பித்து நெஞ்சில் பிடித்தபடி அம்மாவும் போய் இருந்திருக்கிறார்.

"பெருப்பிச்சதிலை முகம் கலங்கிப் போச்சு. இதுதான் அவன்," என்றார்.

பதக்கம் இல்லை. குதிரை இல்லை. பதவியும் இல்லை. ஆனால் பெயர் இருந்தது. படத்தின் பின்பக்கத்தில், பிறந்த திகதியோடு, பேனாவால் அவரே எழுதி வைத்திருந்தார்.